"நேத்து எந்த மண்டபம்?"

ஆவணி முகூர்த்தம் முடிந்த மறுநாள், ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இரண்டு பையன்களாவது தலையைக் கவிழ்த்துப் படுத்திருப்பார்கள். வகுப்பில் அவர்களுக்குச் சோம்பேறி என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து எந்த மண்டபம்டா?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். "பைபாஸ் பக்கம்ணே. ராத்திரி ரிசப்ஷன், காலையில டிபன் பந்தி. 500 ரூபா." சட்டையில் சாம்பார் வாசனை இன்னும் போயிருக்காது.

இப்படிக் கேட்பதற்கென்றே பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆள் வேண்டும். தொண்டு நிறுவனங்களில் களப்பணியாளர் என்பார்கள். பிள்ளைகள் அண்ணே, அக்கா என்பார்கள். நான் செய்வது இந்த வேலைதான். பாடம் நடத்துவதில்லை, மதிப்பெண் போடுவதில்லை. பள்ளியிலும் வீட்டிலும் அலுவலகங்களிலும் பிள்ளையின் பக்கம் நின்று பேசுகிறோம்.

உயர்நிலைப் பள்ளியில் இது ஏன் அவசியம்? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைக்கும்தான். எட்டாம் வகுப்போடு அந்தப் பிடி விட்டுப்போகிறது. மெக்கானிக் பட்டறையும் மில் வேலையும் பெண் கேட்டு வருகிறவர்களும் வாசலுக்கு வருவது சரியாக அதற்குப் பிறகுதான்.

மண்டபத்தில் பந்தி வேலைக்குப் போன அந்தப் பையனையே எடுத்துக்கொள்வோம். 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை அபாயமான தொழில்களில் வைக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்கிறது சட்டம். இதைச் சொல்லிக்கொண்டு நேராகக் கேட்டரிங்காரரிடம் போனால் பையன் அடுத்த வாரம் வேறு ஆளிடம் போவான், நம்மிடமும் வாயைத் திறக்க மாட்டான். முதலில் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே குழுக்கடனின் வாரத் தவணை அட்டை சுவரில் தொங்கும். அப்புறம் அவனிடமே, "உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்க வேண்டும். ஒருவன் சொன்னான்: "லேட்டா வந்தா வெளியில நிக்க வைக்க வேணாம்னு சார்கிட்ட சொல்லணும்." வகுப்பாசிரியரிடம் அவனைக் கூட்டிப்போனேன். பேசியது அவன்தான். நான் பக்கத்தில் நின்றேன். என் அனுபவத்தில், பிள்ளையைக் கேட்காமல் பிள்ளைக்காகப் பேசுவதைவிடப் பெரிய தப்பு இந்த வேலையில் இல்லை.

ஒரு வாக்குறுதி மட்டும் கொடுக்கவே கூடாது. "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்று ஒரு பெண் ஆரம்பிக்கும்போதே, "உனக்கு ஆபத்துன்னா நான் சொல்லித்தான் ஆகணும்மா, உன்னைக் கேட்டுட்டு, உன் கூட இருந்துதான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட வேண்டும். 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பதே குற்றம். இதைச் சொன்னால் பிள்ளை பேசாமல் போய்விடுமே என்று புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள். சில பிள்ளைகள் அன்று பேசாமல் எழுந்து போவதும் உண்டு. ஆனால் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு மீறினால், அந்தப் பிள்ளை அதன்பிறகு எந்தப் பெரியவரையும் நம்பாது. 18 வயதுக்கு முன் கல்யாணம் பேசினாலும், வேறு எந்த ஆபத்தானாலும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளையே அழைக்கலாம்.

எங்களுக்கு ஓய்வில்லாத நாட்கள் பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாட்கள். ஒரு பாடம் போனால் ஒரு வருஷமே போச்சு என்று நினைத்து, மறுநாளே பட்டறையில் சேர்த்துவிடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது. தேறினால் அதே வருஷம் பிளஸ் ஒன் சேரலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போனால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதையும் அம்மாவிடம் சொல்வோம். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். அதனால் முடிவு வந்த அன்றே, கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, தேறாதவன் வீட்டுக்குத்தான் முதலில் வண்டியை விடுவோம்.