கட்-அவுட்டுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம்

2022 செப்டம்பர் கடைசியில் 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வந்தபோது, புத்தகக் கடைக்காரர்கள் ஐந்து பாகங்களையும் கண்ணில் படும்படி வாசலிலேயே அடுக்கினார்கள். 1950-ல் தொடராகத் தொடங்கிய கதையைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டு வாங்கினார்கள். அந்த நாட்களில் வடசென்னையில் ஒரு கிளை நூலகத்துக்குப் போயிருந்தேன். அங்கும் ஐந்து பாகங்களும் இருந்தன. பீரோவுக்குள், முதுகில் பெயர் தேய்ந்துபோய். வாசலில் ஒரு சுவரொட்டி ஒட்ட இடமிருந்தது. யாருக்கும் தோன்றவில்லை.

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் முதல் நாள் முதல் காட்சிக்காக ஷிப்ட் மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் போய், 'அசுரன்' படம் பூமணி 1982-லேயே எழுதிய 'வெக்கை' என்று சொல்லிப் பாருங்கள். 'விசாரணை', கோவையில் ஆட்டோ ஓட்டிய மு.சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்'. 'விடுதலை', ஜெயமோகனின் 'துணைவன்' என்ற சிறுகதையிலிருந்து முளைத்தது. இந்த மூன்றையும் நுழைவாயில் மேசையில் வைத்து, மேலே பட போஸ்டரை மாட்டினால் ஆகிற செலவு என்ன? ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் இருக்கிறார் என்று எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் விதியே வகுத்துவிட்டார். அந்த வாசகர் டிக்கெட் கவுன்டரில் நிற்கிறார், அவ்வளவுதான்.

நூலகம் சினிமா விளம்பரப் பலகையாகிவிடும் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு.

என் கவலை வேறு. மேசை 'வடசென்னை'யோடு நின்றுவிடக் கூடாது. 2018-ல் வந்த அந்தப் படத்தை நானும் ரசித்தேன். ஆனால் எத்தனை படங்களில் எங்கள் தெருக்கள் கத்தியோடும் ரத்தத்தோடும் மட்டுமே வந்திருக்கின்றன! வேலைக்கு விண்ணப்பிக்கும் பையன் முகவரி எழுதும்போது தயங்குகிறான். 'சார்பட்டா பரம்பரை' வந்தபோதுதான் குத்துச்சண்டை மேடையின் மானமும் ஒழுங்கும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. சினிமா சொல்லாமல் விட்டதை நூலகம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே அந்தப் போஸ்டருக்குக் கீழே, மீனவர் குடும்பத்தில் பிறந்து 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலரின் எழுத்துகள் இருக்கட்டும். பின்னி ஆலைத் தொழிலாளர்களோடு நின்ற திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' இருக்கட்டும். வலை பின்னும் வீட்டுப் பிள்ளைக்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', குறுந்தொகையின் நெய்தல் பாடல்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலையும் எண்ணெயையும் பார்த்து வளரும் குழந்தைக்கு, கழியும் புன்னையும் நாரையும் ஒரு காலத்தில் கவிதைக்குப் பொருளாக இருந்தன என்பது தெரிய வேண்டாமா? திருவொற்றியூர் வடிவுடையம்மன் மீது வள்ளலார் பாடிய மாலையையும் அதே மேசையில் வைக்கலாம். பட்டினத்தார் அடங்கிய ஊர் அது.

1948-ல் வந்த நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அடுத்த முறை பேப்பர் படிக்கப் போகும்போது நூலகரிடம் கேளுங்கள்: "சார், 'வெக்கை' இருக்கா? வெளியில எடுத்து வைக்கிறீங்களா?"