கிளிப் கழற்றும் நாளில் பல் வெளுக்காதிருக்க

மனித உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சான எனாமல். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். ஆனால் அதில் உயிரணு எதுவும் இல்லை. முறிந்த எலும்பு கூடும், கிழிந்த தோல் ஆறும். கரைந்து குழிவிழுந்த எனாமல் மீண்டும் வளராது. பற்களை வரிசைப்படுத்தப் போடும் நிலையான கம்பி, பேச்சு வழக்கில் கிளிப், பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை வாயில் இருக்கும். எனாமலுக்கு அது சோதனைக் காலம்.

கிளிப்பின் பொத்தான் போன்ற பகுதி பிராக்கெட். அது ஒட்டியிருக்கும் இடத்தில் ஆபத்து குறைவு. அதைச் சுற்றியும் ஈறு ஓரத்திலும்தான் அதிகம். கம்பிக்கு அடியில் உணவுத்துணுக்கு தங்கி, மாவு போன்ற பற்படலம் படிகிறது. அதிலுள்ள பாக்டீரியாக்கள் இனிப்பையும் மாவுச்சத்தையும் அமிலமாக்குகின்றன. பல்லின் மேல், அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து அக்கனிமங்களைத் திருப்பித் தரும். அதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குள் மறுபடி எதையாவது கொறித்தால் கரைவதே மிஞ்சும்.

இதன் முதல் அடையாளம் சுண்ணாம்பு பூசியதுபோன்ற வெண்புள்ளி. சுத்தம் தவறினால் நான்கே வாரத்தில் அது தோன்றக்கூடும். வலி இருக்காது. மேல்வரிசை முன்பற்களில், குறிப்பாக நடுப்பற்களுக்குப் பக்கத்துப் பற்களிலும் கோரைப்பற்களிலும் அடிக்கடி காணப்படும். கவனிக்காமல் விட்டால் அதுவே சொத்தையாகும்.

சொத்தைக்கு அஞ்சிப் பிடித்த உணவையெல்லாம் விட வேண்டியதில்லை; எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதே முக்கியம். காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியையொட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாடனர் வீதியுலாவின்போது பக்தர்கள் மாம்பழங்களை இறைப்பார்கள். கிளிப் போட்டவர்களும் அந்தப் பழத்தைச் சாப்பிடலாம். கொட்டையைக் கடித்துச் சூப்பாமல் துண்டு போட்டுத் தின்றால் நார் கம்பியில் சிக்காது, பிராக்கெட்டும் பெயராது. தின்றதும் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். மாங்காய், எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் போன்ற புளிப்பானவற்றுக்குப் பின் உடனே பல் துலக்கக் கூடாது. அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். முறுக்கு, கடலை மிட்டாய், மீன்முள், கறி எலும்பு ஆகியவற்றைக் கிளிப் பல்லால் கடிக்கவே கூடாது. இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வது, நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தின்பதைவிடப் பாதுகாப்பானது.

துலக்குவதில் கோணம் முக்கியம். மென்மையான பிரஷைச் சாய்த்துப் பிடித்து, கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, ஈறு ஓரத்தில் ஒருமுறை என்று ஒவ்வொரு பல்லாகத் துலக்க வேண்டும். கம்பிக்கும் பல்லுக்கும் இடையே புகும் சின்னஞ்சிறு பிரஷ் கடைகளில் கிடைக்கிறது. இரவில் படுக்குமுன் துலக்குவதைத் தவறவிடக் கூடாது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்.

எனாமலுக்குத் துணை ஃபுளோரைடு. அது கனிமம் திரும்பச் சேர்வதற்கு உதவுகிறது. அமிலத்தில் எளிதில் கரையாமலும் பல்லைக் காக்கிறது. இந்தியாவில் பற்பசையில் ஃபுளோரைடு 1,000 பிபிஎம் வரை அனுமதிக்கப்படுகிறது. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நிறைய நீரால் கொப்பளித்தால் மருந்து கழுவப்பட்டுவிடும். வெண்புள்ளி வரும் வாய்ப்புள்ளவர்களுக்குப் பல் மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார், 0.05 விழுக்காடு சோடியம் ஃபுளோரைடு கொப்பளிப்பு நீரும் பரிந்துரைக்கலாம்.

காரைக்காலில் இருந்து புதுச்சேரிக்கோ வேறு ஊருக்கோ சிகிச்சைக்குச் செல்பவர்கள் மாதாந்திரச் சந்திப்பைத் தள்ளிப்போடுவது எளிது. ஆனால் ஆடும் பிராக்கெட்டுக்கு அடியில் அழுக்கு சேர்ந்து, வெளியே தெரியாமலே எனாமல் கெடும். அப்படி ஆடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிகிச்சை முடிந்ததும் ஒட்டுப்பசையை மருத்துவர் கருவியால் கவனமாகச் சுரண்டி எடுத்து மெருகிடுவார். கிளிப்பைத் தாமாக நெம்பிக் கழற்றினால் எனாமல் பெயர்ந்து வரலாம். வெண்புள்ளி எஞ்சியிருந்தால் பதற வேண்டியதில்லை. ஒழுங்கான துலக்கலாலும் உமிழ்நீராலும் சில மாதங்களில் ஓரளவு மங்கும். மங்காதவற்றுக்குப் பிசின் ஊடுருவச் செய்யும் சிகிச்சை உண்டு. ஆனாலும் இழந்த எனாமலுக்கு அது ஈடாகாது; கிளிப் ஒட்டிய முதல் இரவிலிருந்தே துலக்குவதுதான் உண்மையான காப்பு.