கோடைமலைப் போதைக் காளான்

பழனி மலைத்தொடரில் மழை பெய்த பின்னர்ப் பலவகைக் காளான்கள் முளைக்கின்றன. அவற்றுள் சில, உண்பாருடைய அறிவை மயக்குவன. அம்மயக்கத்தின் இயல்பை நாம் ஈண்டு ஆராய்வோம்.

இக்காளான்களிலுள்ள சைலோசைபின் என்னும் பொருளை 1958-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்து இரசாயன நூல் வல்லுநராகிய ஆல்பர்ட் ஹாப்மன் பிரித்தெடுத்து வெளியிட்டார். அஃது உடலினுள் சைலோசினாக மாறி மூளையைத் தாக்குகிறது. நிறமும் ஒலியும் காலமும் திரிந்து தோன்றும். 4 முதல் 6 மணி நேரம் அந்நிலை நீடிக்கும். சிலருக்குப் பேரச்சம் விளையும். மலைச்சரிவின் விளிம்பில் நிற்பவனுக்கு அம்மயக்கமே கூற்றுவனாகலாம்.

கோடைக்கானலுக்கு வரும் இளைஞரிடம் இதனை மறைவாக விற்போர் உளர். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இடம்பெற்றுள்ளது. விற்பாரேயன்றி வாங்குவாரும் தண்டனைக்குரியராவர். அன்றியும், தான் வாங்கியது எக்காளான் என்பதை வாங்கியவன் அறியான். உருவில் ஒத்த நச்சுக் காளான்கள் சில ஈரலை அழிப்பன. உண்டு 6 மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே வாந்தியும் பேதியும் தொடங்கும்; பின்பு நோய் தணிந்ததுபோலத் தோன்றும்பொழுதே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். ஆதலின் ஐயமுண்டாயின், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தண்டனைக்கு அஞ்சித் தோழனை அறையில் மறைத்து வைத்தல் நட்பாகாது.