தேவசாயல்

யாழ்ப்பாணத்துக் கிறித்துவரிடையே பிரசங்கத்திலும் செபத்திலும் இடையறாது வழங்குஞ் சொற்களுள் 'தேவசாயல்' என்பது ஒன்று. மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்பது விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே கூறப்படுங் கொள்கை. மனிதன் யாவன் என்னும் வினாவிற்கு அம்மதம் தரும் விடையின் பெரும்பகுதி இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. எனினும், சைவச் சூழலில் வளர்ந்தார் ஒருவர் அதன் பொருளை எளிதிற் பிறழ உணர்தல் கூடும்.

தொல்காப்பியர் உரியியலிலே சாயல் என்பதற்கு மென்மை எனப் பொருளுரைத்தார். மயிலின் சாயலை மகளிர்க்கு உவமையாக்கினர் பழம்புலவர். பிற்காலத்திலோ அது முகச்சாடை, ஒப்புமை என்னும் பொருள்களில் நிலைபெற்றது. 1871-ஆம் ஆண்டு வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையிற் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு, இவ்விடத்துச் சாயல், ரூபம் என்னும் இரு சொற்களையும் ஆண்டது. மூலமாகிய எபிரேயத்தில் உள்ளவை 'செலெம்', 'தெமூத்' என்பன. முன்னது செதுக்கிய சிலையையுங் குறிப்பது. விக்கிரக வழிபாட்டை வன்மையாக விலக்கும் ஒரு வேதம், சிலைக்குரிய சொல்லை மனிதனுக்கு இட்டது வியப்பன்றோ! 1979-இல் சிரியாவில் தெல் பெக்கெரியே என்னுமிடத்தில் அகப்பட்ட அரசன் சிலையொன்று இதற்கு நல்ல விளக்கந் தருகின்றது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அச்சிலையின் அரமேயக் கல்வெட்டு, இவ்விரு சொற்களுக்கும் இனமான சொற்களாலேயே அச்சிலையைக் குறிக்கின்றது. பண்டை எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் தெய்வத்தின் உருவமென்று போற்றப்பட்டவன் அரசனே. ஆதியாகமமோ அரசனுக்குரிய அப்பெயரை, ஆண் பெண் என்னும் இருபாலார்க்கும் ஒப்பக் கொடுத்து, மனிதகுலம் முழுமைக்கும் உரியதாக்கிற்று. கொள்கையின் உயிர்நாடி ஈண்டுள்ளது.

ஆதலின், சாயல் என்பது கைகால் முதலிய உறுப்புக்களின் ஒப்புமையன்று. அது யாது என்பதில் கிறித்துவ ஆசிரியர் தம்முள் மாறுபடுவர். நினைவு, அறிவு, இச்சை என்னும் மூன்றும் ஓருயிரில் ஒன்றி நிற்றலை அகத்தீனார் எடுத்துக்காட்டினார். இச்சை, ஞானம், கிரியை என்பவற்றைக் கற்ற சைவ மாணவர்க்கு இவ்வாராய்ச்சி புதிதாகத் தோன்றாது. இருபதாம் நூற்றாண்டில் கார்ல் பார்த் என்பார், மனிதன் பிறரோடு உறவு கொண்டு வாழ்தலையே சாயலென்றார். எவ்வாறு கொள்ளினும், சாயல் பாவத்தாற் பழுதுற்றதென்பதும், கிறித்துவின் வழி அது புதுப்பிக்கப்படுகின்றது என்பதும் அவர்க்கெல்லாம் பொதுவான துணிபு.

சைவ சித்தாந்தத்தோடு இதனை ஒப்புநோக்குதல் நன்று. சித்தாந்தத்தில் உயிர் படைக்கப்பட்டதன்று. பதியைப் போல அதுவும் அநாதி. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. மலத்தைச் சார்ந்தால் மலத்தின் வண்ணம். சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் வண்ணம். கிறித்துவர்க்கோ உயிர் ஒரு காலத்தில் இறைவனால் உண்டாக்கப்பட்டது. சாயல் உண்டாக்கும்போதே கொடுக்கப்பட்டது. ஒன்றில் தெய்வ வண்ணம் சார்பினால் விளங்குவது. மற்றதில் அது தொடக்கத்திலேயே கிடைத்த கொடை. 'எல்லாம் ஒன்றே' என்று கூறி இவ்வேறுபாட்டை மறைப்பவர் இரு சமயங்களையும் கல்லாதவர்.

கொள்கை நாள்வாழ்விற்கு இறங்குமிடமும் விவிலியத்திலேயே உண்டு. கொலை விலக்கப்படுவதற்கு ஆதியாகமம் கூறுங் காரணம் மனிதன் தேவசாயல் என்பதே. யாக்கோபு எழுதிய நிருபம் இன்னும் நுட்பமானது: இறைவனைத் துதிக்கும் நாவினாலேயே அவன் சாயலாகிய மனிதரைச் சபித்தல் தகாது என்பது அதன் கருத்து. கொலை செய்யாதார் பலர், வைதறியாதார் எத்துணையர்?

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816-இல் பணி தொடங்கிய பின்னர், இக்கொள்கை மூன்றிடங்களிற் சோதனைக்குள்ளாயிற்று.

முதலாவது பெயரும் உடையும். 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி மாணவர் பலர்க்கு அமெரிக்க நன்கொடையாளர் பெயர்கள் இடப்பட்டன. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர்கள் அவ்வழக்கத்தை நினைவூட்டுவன. கடவுளின் சாயலைக் கற்பிக்க வந்தோர் தம் நாட்டின் சாயலையும் உடன் பதித்தனர் என்னுங் குறை நியாயமானதே. இதனை மிஷனுள்ளேயே உணர்ந்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847 முதல் 1873 வரையிலான காலப்பகுதியில் மானிப்பாயில் தொண்டாற்றிய அவர், தமிழிலே வைத்திய நூல்களை ஆக்கியும் கற்பித்தும், மாணவர் ஐரோப்பியராய் மாறாமல் தமிழராகவே வாழ்தல் வேண்டுமென்று வற்புறுத்தினார். 1939-இல் மருதனார்மடத்தில் எழுந்த கிறிஸ்த சேவா ஆச்சிரமம், காவியுடையும் எளிய வாழ்வுங் கொண்டு, அக்கருத்தை வழிபாட்டிலும் நாட்டிற்று.

இரண்டாவது பெண்கல்வி. ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824-இல் உடுவிலில் மகளிர்க்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்னும் எண்ணமே ஊரில் மேலோங்கியிருந்தது. சாயல் இருபாலார்க்கும் பொது என்னுங் கொள்கைக்கு அப்பாடசாலை கண்கூடான உரையாயிற்று.

மூன்றாவதும் கடினமானதும் சாதி. தொடக்கத்தில் தம் பிள்ளைகள் மிஷன் வளவிற் சமைத்த உணவையுண்ணப் பெற்றோர் பலர் இசையவில்லை. படிப்பு வேண்டும், பந்தி வேண்டாம் என்பது அவர் நிலை. மதம் மாறினோரும் சாதியை முற்றும் விட்டாரல்லர். தமிழகத்துத் திருச்சபைகளிற் சாதி வேற்றுமை ஒழிக என்று 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன் கட்டளையிட்டபோது, தஞ்சை முதலிய இடங்களிற் பலர் சபையைவிட்டே நீங்கினர். சாயலைச் செபத்தில் ஏற்பது எளிதாயிருந்தது; பக்கத்து ஆசனத்தில் ஏற்பது அவ்வாறில்லை.

1924-இல் தோன்றிய மாணவர் காங்கிரசு, பின்னர் வாலிபர் காங்கிரசாகி, சம ஆசனத்தையும் சம போசனத்தையும் வற்புறுத்தியது. அதன் முன்னணியில் நின்றவரும், பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராய் விளங்கியவருமாகிய ஹன்டி பேரின்பநாயகம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் உருவானவர். அவ்வியக்கத்திற் சைவரும் கிறித்துவரும் ஒருங்கே உழைத்தனர். எதிர்த்தோரிலும் இரு சமயத்தாரும் இருந்தனர். நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் விதிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1930-ஆம் ஆண்டளவில், குடாநாட்டிற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. சிறுவரைத் தரையிலிருந்து வாங்கிற்கு உயர்த்தியதே அவற்றின் குற்றம்.

1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. திருமணப் பேச்சு அச்சட்டத்தின் எல்லைக்குட்பட்டதன்று. அப்பேச்சின்போது சைவ இல்லங்கள் பலவற்றில் முதலிற் கேட்கப்படும் கேள்வி, கிறித்துவ இல்லங்கள் பலவற்றிலும் கேட்கப்படுகின்றது.