பூனையை விரட்டினார்கள், பூச்சி போகவில்லை! பூட்டிய வீட்டுக்குள் காத்திருந்தது

கதவைத் திறந்து 5 நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஐயோ, என்னங்க இது? காலைப் பாருங்க!" என்று அலறினார் அந்த வீட்டு அம்மாள்.

கணவர் குனிந்து பார்த்தார். முழங்காலுக்குக் கீழே வெள்ளை வேட்டி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். மிளகுத்தூளைத் தூவியது போல இருந்தது. தட்டிப் பார்த்தார். விழவில்லை. துள்ளின!

திருவல்லிக்கேணியில் ஒரு குறுகலான சந்தில் இருக்கிறது அந்த வீடு. கீழே 3 போர்ஷன், மேலே 2. கணவருக்கு பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. ஒரே மகள், 7-ம் வகுப்பு. கும்பகோணத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். 12 நாள் வீட்டைப் பூட்டி விட்டுப் போய் அன்றைக்குத்தான் திரும்பி இருந்தார்கள்.

வீட்டில் ஆள் கிடையாது. நாய், பூனை எதுவும் கிடையாது. அப்படி இருக்க, இத்தனை பூச்சி எங்கே இருந்து வந்தது?

சத்தம் கேட்டு அக்கம் பக்கத்தார் ஓடி வந்தார்கள். "மூட்டைப்பூச்சி" என்றார் அடுத்த போர்ஷன் பாட்டி. "இல்லை, இது உண்ணி சார்" என்றார் மாடி வீட்டுக்காரர்.

இரண்டும் இல்லை. மூட்டைப்பூச்சிக்குத் துள்ளத் தெரியாது. உண்ணி தோலோடு ஒட்டிக் கொண்டு பெருக்கும், அதுவும் துள்ளாது. இது தெள்ளுப்பூச்சி. வெறும் 2, 3 மில்லி மீட்டர்தான் இருக்கும். பக்கவாட்டில் நசுக்கி வைத்தது போன்ற உடம்பு. ஒரு சாண் தூரத்தைச் சர்வ சாதாரணமாகத் தாவும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அட்டைப் பெட்டியில் போன குட்டிகள்

கல்யாணத்துக்கு 5 வாரம் முன்பு, அந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய துணி மூட்டையில் ஒரு வரிப்பூனை குட்டி போட்டது. மொத்தம் 4 குட்டி. மகளுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கட்டிலுக்கு அடியில்தான் குடித்தனம்.

3 வாரம் ஆனது. தாய்ப்பூனை காதையும் கழுத்தையும் ஓயாமல் சொறிய ஆரம்பித்தது. அம்மாளின் கணுக்காலில் கொத்துக் கொத்தாகச் சிவப்புத் தடிப்பு. ராத்திரி தூக்கம் இல்லை.

"எல்லாம் அந்தப் பூனையால வந்தது. ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லி விட்டார்.

கணவர் என்ன செய்வார்? ஒரு நாள் ராத்திரி 9 மணிக்கு 4 குட்டிகளையும் அட்டைப் பெட்டியில் போட்டு, ஜாம்பஜார் பக்கம் ஒரு சுவர் ஓரமாக வைத்து விட்டு வந்தார். தாய்ப்பூனை கத்திக் கொண்டே பின்னால் போனது. மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் 2 வாளித் தண்ணீரில் பினாயில் கலந்து வீட்டையே கழுவி விட்டார்கள். கடி கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. தொல்லை ஒழிந்தது என்று ஊருக்குக் கிளம்பினார்கள்.

ஒழியவில்லை.

100-க்கு 5 தான் பூனை மேல்!

தெள்ளு விஷயத்தில் எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். பூச்சி பூனை உடம்பில்தான் இருக்கிறது, பூனை போனால் பூச்சியும் போய்விடும் என்று நினைக்கிறார்கள்.

உடம்பில் துள்ளுவது வளர்ந்த பூச்சி மட்டும். ஒரு வீட்டில் இருக்கும் மொத்தக் கூட்டத்தில் அது சுமார் 100-க்கு 5 என்பது நிபுணர்களின் கணக்கு. மீதி 95-ம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

பெண் பூச்சி பூனை மேல் ஏறியதும் ரத்தம் குடிக்கிறது. 2 நாளுக்குள் முட்டை இட ஆரம்பிக்கிறது. நன்றாக இடும் காலத்தில் ஒரு நாளைக்கு 40, 50 முட்டை. அந்த முட்டை முடியில் ஒட்டாது. பூனை நடக்கிற இடம், படுக்கிற இடம், குதிக்கிற இடம் என்று உப்புத்தூள் மாதிரி உதிரும்.

முட்டையில் இருந்து வரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. தரை விரிசல், பாய்க்கு அடி, பீரோவுக்குப் பின்புறம், வாசல் சாக்கு என்று இருட்டு தேடி நுழைந்து விடும். அதற்குச் சாப்பாடு என்ன தெரியுமா? பெரிய பூச்சி கழித்துப் போட்ட காய்ந்த ரத்தம்தான். அதுவும் பூனை மேல் இருந்தே உதிர்கிறது. சென்னையின் புழுக்கம் இந்தப் புழுவுக்கு மாமியார் வீட்டு விருந்து. காற்றில் ஈரம் குறைந்தால், நேரடி வெயில் பட்டால், செத்து விடும்.

பிறகு புழு தன்னைச் சுற்றி நூலால் ஒரு கூடு கட்டிக் கொள்கிறது. பசை உள்ள கூடு. தூசியை மேலே ஒட்டிக் கொண்டால் கண்ணுக்கே தெரியாது. பினாயிலுக்கும் மசியாது, மருந்து அடித்தாலும் உள்ளே சரியாக இறங்காது.

அந்தக் கூட்டுக்குள் பூச்சி முழுசாக வளர்ந்த பிறகும் உடனே வெளியே வராது. ஆள் வரட்டும் என்று மாதக்கணக்கில்கூட காத்திருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, விடும் மூச்சு இவை பட்டால் போதும். விநாடிகளில் கூட்டை உடைத்துக் கொண்டு பாய்ந்து விடும்.

12 நாள் அந்த வீட்டில் காலடியே இல்லை. கூடுகள் சேர்ந்து கொண்டே இருந்தன. கதவு திறந்தது. 3 பேர் நடந்தார்கள். பூனையும் இல்லை, பசியோ பசி. கிடைத்தது குமாஸ்தாவின் கால்!

மாடிப்படிக்கு அடியில்...

அன்று சாயங்காலமே இன்னொரு விஷயம் தெரிந்தது. மாடிப்படிக்கு அடியில் முனகல் சத்தம். மகள் டார்ச் அடித்துப் பார்த்தாள். அதே வரிப்பூனை! வாயில் கவ்விக் கவ்விக் கொண்டு வந்திருக்கிறது. ஆனால் 4 இல்லை. 2 குட்டிதான்.

அதில் ஒன்று விளையாடியது. மற்றது தலையைத் தூக்கவே இல்லை. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு காகிதம் போல வெளுத்துக் கிடந்தது.

"அப்பா, இது சாகப் போவுதுப்பா" என்றாள் மகள். அப்பா வாயே திறக்கவில்லை. காலையில் ஆபீசுக்கு லீவு சொன்னார். ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. நாய், பூனைக்கு உடம்புக்கு என்றால் நகரத்து ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருகிற இடம்.

எடை பார்த்தார்கள். 400 கிராம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பூனை உடம்பில் கிலோவுக்கு சுமார் 60 மில்லி ரத்தம் இருக்கும். 400 கிராம் குட்டிக்கு 24 மில்லி. 5 டீஸ்பூன் கூட இல்லை! 72 பெண் தெள்ளு சேர்ந்தால் ஒரு நாளில் 1 மில்லி ரத்தத்தைக் குடித்து விடும். கவனிக்காமல் விட்ட குட்டி மேல் 100, 150 பூச்சி இருப்பது அதிசயம் இல்லை. பெரிய பூனைக்கு அரிப்போடு போகும். குட்டிக்கு உயிரே போகும். வெளுத்த ஈறு, சில்லிட்ட உடம்பு, பால் குடிக்காமல் சுருண்டு கிடப்பது, இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளக் கூடாது. ரொம்ப முற்றினால் ரத்தம் ஏற்ற வேண்டிய நிலைமைகூட வரும்.

இந்தக் குட்டி அந்த அளவுக்குப் போகவில்லை. சூடு கொடுத்து, சீப்பால் பூச்சியை வாரி எடுத்து, எடைக்குத் தகுந்த மருந்தும் சத்து டானிக்கும் கொடுத்து அனுப்பினார்கள்.

பூச்சி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஈரமான வெள்ளைத் துணி மேல் பூனையை நிறுத்தி, வால் பக்கமும் கழுத்திலும் பேன்சீப்பால் வார வேண்டும். கறுப்பாக மண் போல விழும். அது ஈரத்தில் ஊறி செம்பழுப்பாகப் பரவினால் சந்தேகமே வேண்டாம். அது மண் இல்லை, பூச்சி கழித்த ரத்தம்.

இதை எல்லாம் தடவாதீர்கள்

பூச்சியை விட வைத்தியம் ஆபத்தாக முடிவதும் உண்டு. பூனை மேல் எதைத் தடவினாலும் கடைசியில் அது வயிற்றுக்குத்தான் போகும். நக்கி விடும்! மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம், பாச்சா உருண்டை, வேப்பெண்ணெய் எதுவும் கிட்டே வரக் கூடாது. பினாயில் ஈரம் காயாத தரையில் நடந்து விட்டுக் காலை நக்கினாலே கெடுதல். அந்தக் காலத்தில் கமாக்சின் பவுடரை வீடு முழுக்கத் தூவினார்கள். அது 1997-ல் தடை செய்யப்பட்ட சரக்கு. பரணில் பழைய டப்பா இருந்தால் தொடாமல் இருப்பதே நல்லது. மஞ்சள் தடவினால் குட்டி மஞ்சளாகும்; பூச்சி சாகாது.

எல்லாவற்றிலும் மோசமானது, நாய்க்கு என்று விற்கும் துளி மருந்தைப் பூனைக்கு ஊற்றுவது. அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற மருந்து இருக்கிறது. நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி இல்லை. வலிப்பு வந்து செத்துப் போகும். "சின்னப் பூனைதானே, பாதி ஊற்றலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

பூனைக்கென்றே துளி மருந்து இருக்கிறது. கழுத்துப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் விட வேண்டும். மருந்துக்கு மருந்து, எந்த வயதில் இருந்து கொடுக்கலாம் என்பது மாறும். 8 வாரம் ஆகாத குட்டிக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் கூடாது. அதுவரை பேன்சீப்புதான் மருந்து. தினமும் 2 வேளை வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். அதில் பூச்சி மூழ்கி விடும்.

4 வாரம் தாண்டி, தெம்பாக இருக்கும் குட்டி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு போட்டுக் குளிப்பாட்டலாம். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி எல்லாம் காதுக்கும் கண்ணுக்கும் ஏறி விடும். குளித்த உடனே துவட்டிச் சூடாக வைக்காவிட்டால் குளிரே குட்டியைக் கொன்று விடும். துவண்டு கிடக்கும் குட்டியைக் குளிப்பாட்டவே கூடாது.

தாய்ப்பூனையை விட்டு விட்டுக் குட்டிக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மறுநாளே பழைய கதைதான். இன்னொன்று, நக்கும்போது தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு வரும். வால் ஓரத்தில் அரிசி போல ஒட்டி இருந்தால் அதுதான். கைக்குழந்தை தவறிப்போய் பூச்சியை விழுங்கினால் குழந்தைக்கும் வரலாம். பூச்சி மருந்தோடு வயிற்றுப் புழுவுக்கும் டாக்டரிடம் கேட்பது நல்லது.

வீட்டுக்கு 2 மாத வேலை

திருவல்லிக்கேணி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கட்டிலும் பீரோவும் நகர்ந்தன. துணி மூட்டையும் வாசல் சாக்கும் கவரில் கட்டிக் குப்பைக்குப் போயின. பாய், தலையணை உறை, போர்வை எல்லாம் கொதிக்கும் தண்ணீரில் ஊறி மொட்டை மாடி வெயிலில் காய்ந்தன. தரை விரிசலில் அம்மாள் கொதிநீர் ஊற்றினார். மாடிப்படி அடியையும் விடவில்லை. அதை மறந்திருந்தால் அத்தனையும் வீண்.

தினமும் மூலை முடுக்கு கூட்டி, தூசியை அந்த நிமிஷமே கட்டி வெளியே போட்டார்கள். முறத்தில் மூடி வைத்தால் பூச்சி நடந்தே திரும்பி வரும்! பூச்சி மருந்து அடிக்கும் ஆட்களைக் கூப்பிடுகிறவர்கள், முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மருந்து அதில் உண்டா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். தரை காயும்வரை பூனையை உள்ளே விடக் கூடாது. மருந்து அடித்த பிறகும் சில வாரம் பூச்சி துள்ளும். மருந்து போலி என்று சண்டைக்குப் போக வேண்டாம். கூட்டுக்குள் இருந்தவை வெளியே வருகின்றன, அவ்வளவுதான்.

பூனையைத் திரும்ப விரட்டும் பேச்சே எழவில்லை. மருந்து போட்ட பூனை வீட்டில் நடந்தால் புதிதாக வரும் பூச்சி அதன் மேல் ஏறிச் சாகும். பூனை இல்லாவிட்டால் ஏறுவது மனுஷன் மேல்தான்.

குமாஸ்தா 2 நாள் சாயங்காலம் ஜாம்பஜார் பக்கம் போய்த் தேடினார். மற்ற 2 குட்டிகளும் கிடைக்கவில்லை.

மகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். குட்டிகளை உள்ளறையில் அடைத்து விட்டு, ராத்திரி கூடத்துத் தரையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து, பக்கத்தில் சின்ன விளக்கு எரிய விட வேண்டும். வெளிச்சத்துக்குப் பாயும் தெள்ளு தண்ணீரில் விழுந்து மூழ்கும். இதனால் மட்டும் பூச்சி ஒழியாது. ஆனால் குறைகிறதா, கூடுகிறதா என்று தெரிந்து விடும்.

தினசரி காலண்டரில் தேதிக்கு நேராக பென்சிலால் எழுதி வந்தாள். முதல் ராத்திரி 43. 4-ம் நாள் 51. "கூடுதேம்மா!" என்று பயந்தாள். 2 வாரம் கழித்து 19. 5-வது வாரம் 3. பிறகு ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம்.

8-வது வாரம் ஒரு நாள் காலையில் தட்டைப் பார்க்கப் போனால் எண்ணுவதற்கு வழியே இல்லை. ஈறு வெளுத்துக் கிடந்த குட்டி ராத்திரி எப்படியோ கதவைத் தள்ளிக் கொண்டு வந்து, தட்டையே கவிழ்த்து விட்டுப் பக்கத்தில் படுத்திருந்தது.