துளசியின் சுற்றத்தார் வாழும் இடம்



வீட்டில் குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "கண்ணு, ஓடிப்போய் ரெண்டு பிடி தும்பை பறிச்சுக்கிட்டு வாய்யா" என்று பாட்டி பேரனை அனுப்புகிறார். பத்து நிமிடத்தில் பையன் சட்டை மடி நிறையக் கொண்டுவந்து கொட்டுகிறான். பாட்டி இலையைப் பார்க்கிறார். பச்சைப் பசேல் என்று இருக்கிறது. பூவைப் பார்க்கிறார், வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. தும்பைதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் அவர் உடனே அடுப்பில் தண்ணீர் வைக்கவில்லை. "எங்க நின்னதைப் பறிச்சே?" என்று கேட்கிறார்.

அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். செடியின் பெயரைத் தெரிந்துகொள்வது பாதி அறிவுதான். அது எந்த மண்ணில், எந்த ஓரத்தில், யாருக்கு அடுத்து நிற்கிறது என்று தெரிந்துகொள்வதே மீதிப் பாதி.

முதலில் குடும்பத்தை அறிமுகப்படுத்துகிறேன். தும்பை, துளசி, புதினா, கற்பூரவல்லி, நொச்சி ஆகிய ஐந்தும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்றால் நம்புவீர்களா? தாவர நூலார் இதைப் புதினாக் குடும்பம் என்பார்கள். நாம் துளசிக் குடும்பம் என்றே சொல்லிக்கொள்வோம். உலகம் முழுவதும் ஏறத்தாழ 7,000 வகைச் செடிகள் இதில் உண்டு. தரையோடு கிடக்கும் பூண்டும் இதில் உண்டு. வானளாவிய தேக்கு மரமும் இதில் உண்டு. நொச்சியும் தேக்கும் முன்பு வேறு குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1990-களில் நடந்த ஆராய்ச்சிகளுக்குப் பிறகே அவை துளசியின் சுற்றத்தார் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டன.

இந்தக் குடும்பத்தை அடையாளம் காண்பது எளிது. அடுத்த முறை சந்தையில் புதினா வாங்கும்போது அதன் இளந்தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உருண்டையாக உருளாது, நான்கு பட்டையாக விரலில் தட்டும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக நிற்கும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக நின்றால், அதற்கு மேல் ஜோடி வடக்குத் தெற்காக நிற்கும். பூவை உற்றுப் பார்த்தால் மேலுதடு, கீழுதடு என்று வாய் திறந்தாற்போல் இருக்கும். சிறு செடிகளில் பூ உதிர்ந்த பிறகு, அடியிலுள்ள கிண்ணத்தில் பெரும்பாலும் நான்கு விதைகள் தங்கும். இலையைக் கசக்கினால் பெரும்பாலும் மணம் வரும். இலையின் மேல் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகள் உடைவதால் வரும் மணம் அது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சதுரத் தண்டு உள்ளதெல்லாம் துளசியின் உறவு ஆகிவிடாது. தோட்டத்து வேலி ஓரங்களில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் உண்ணிச் செடியை அறிவீர்கள். மலாய்க்காரர்கள் அதைப் பூங்கா தாஹி ஆயாம் என்பார்கள். அதற்கும் தண்டு சதுரந்தான், இலையும் எதிரெதிர்தான், கசக்கினால் நெடியும் உண்டு. ஆனால் அதன் காய் சதைப்பற்றுள்ள சிறு உருண்டை, பழுத்தால் கறுக்கும். அதன் பச்சைக் காய் நஞ்சு. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் காட்டிக் கொடுங்கள்.

இனி இடத்துக்கு வருவோம். கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை மின்மினிகளைப் பார்க்க வெளிநாட்டார்கூட வருகிறார்கள். அந்த மின்மினிகள் எல்லா மரத்திலும் கூடுவதில்லை. பெரெம்பாங் மரத்தையே பெரிதும் நாடுகின்றன. அந்தப் பெரெம்பாங்கும் எல்லா இடத்திலும் வளர்வதில்லை. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் சேற்றுக் கரையே அதற்கு வீடு. ஒவ்வோர் உயிருக்கும் ஒரு முகவரி இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? துளசியின் சுற்றத்தாருக்கும் அப்படியே முகவரிகள் உண்டு. கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை நம் வட்டாரத்தில் அவற்றைத் தேடிப் போவோம்.

கடலோரத்தில் தொடங்குவோம். அலையாத்திக் காட்டின் உட்புற விளிம்பிலும், உப்பங்கழி ஓரங்களிலும், கடல்நீரைத் தடுக்கும் மண்கரைகளிலும் ஒரு புதர் படர்ந்திருக்கும். அதன் வெண்பூவிலிருந்து செந்நிற இழைகள் நீண்டு தொங்கும். தமிழ்நாட்டில் அதைச் சங்கங்குப்பி என்பார்கள். இந்தியக் கரையிலிருந்து ஆஸ்திரேலியா வரை, பசிபிக் தீவுகள் வரை அதைக் காணலாம். அவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று? அதன் காய் நீரில் மிதக்கும். அலை சுமந்துகொண்டு போகும். அதைப் போலவே நீர்நொச்சியும் கடலோரத்துப் பிள்ளை. முன்னையும் அப்படியே. முன்னைக்கு மலாயில் புவாஸ் புவாஸ் என்று பெயர்; அதன் தளிரை மலாய்க் குடும்பங்கள் உலாமாக உண்பார்கள். நம் வைத்தியத்தில் சொல்லும் பெரும்பஞ்சமூலத்தின் ஐந்து வேர்களில் முன்னை ஒன்று, குமிழ் ஒன்று. இரண்டும் இந்தக் குடும்பமே. நம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே, இந்தச் செடிகள் இரு கரைகளிலும் குடியிருந்தன.

கடலை விட்டு உள்ளே வந்தால் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்கள். இங்கே வரப்பிலும் கால்வாய் ஓரத்திலும், சிறு பொத்தான் போன்ற உருண்டைப் பூக்கொத்துடன் ஓர் ஈரநிலப் பூண்டைக் காணலாம். அதன் அண்ணன் செம்பனைக் காடுகளின் பாதை ஓரத்தில் நிற்கிறான். அவனுக்குக் காம்பும் நீளம், உருண்டையும் பெரிது. இன்னொரு தங்கையைச் சிலர் காட்டுத்துளசி என்பார்கள். அவளுக்கு நெடி அதிகம். இந்த மூவரும் நம் நாட்டார் அல்லர். இவர்களுடைய பூர்வீகம் தென் அமெரிக்காவும் நடு அமெரிக்காவும் ஆகும். காட்டுத்துளசியின் காய்ந்த பூக்கிண்ணத்தில் கூரிய பற்கள் உண்டு. அவை மாட்டின் ரோமத்திலும் வேலைக்காரரின் கால்சட்டையிலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். மனிதன் காட்டை வெட்டித் திறந்த இடமெல்லாம் இவற்றுக்கு வீடு. இவை மண்டிக் கிடந்தால், அந்த மண் கிளறப்பட்ட மண் என்று அறிந்துகொள்ளலாம்.

அடுத்தது நம் தும்பை. மலேசியாவில் பரவலாக உள்ள தும்பையின் தாவரப் பெயரிலேயே இலங்கையின் பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தும்பைக்கு அது கூடப்பிறந்ததைப் போன்றது. தும்பைக்கு வெயில் வேண்டும், தண்ணீர் தேங்காத மண் வேண்டும். ஆகவே லயத்துப் பின்புறம், செம்மண் பாதை, ரயில் பாதை ஓரம், புதிதாக மறுநடவு செய்த காடு ஆகியவையே அதன் முகவரி. பெஸ்தாரி ஜெயா, முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய ஊர். அங்கேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டு இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு நடந்தது. அன்று முதல் இன்று வரை செம்பனைக் காட்டின் கதை ஒன்றேதான். கன்று சிறிதாக இருக்கும்போது வெயில் தரையில் விழும், தும்பை வரும். சில ஆண்டுகளில் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், தரை இருண்டுபோகும், தும்பை மறையும். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு கழித்து மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, மறுபடி வெயில் விழும். தும்பையும் மறுபடி தலை காட்டும். "முன்னெல்லாம் இங்க தும்பை நிறைய இருந்துச்சே, எங்க போச்சு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நிழல் வந்தது, அது வெயிலைத் தேடிப் போனது. அவ்வளவுதான்.

நிழலும் ஈரமும் விரும்புகிற உறவினரும் உண்டு. பூனை மீசை அவர்களில் ஒன்று. மலாயில் மிசாய் கூச்சிங். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை ஆற்றங்கரையிலும் காட்டு விளிம்பிலும் அது இயற்கையாக வளர்கிறது. பூவிலிருந்து நீளும் வெள்ளை இழைகள் மீசையைப் போலவே இருக்கும். ராஜா மூசா பக்கத்துக் கரிமண் சதுப்பிலோ நிலைமை வேறு. அந்தப் புளிப்பு மண்ணில் பெரணிகளே ஆட்சி செய்கின்றன. துளசிக் குடும்பத்துச் சிறு பூண்டுகள் அங்கே அரிது. ஒரே மாவட்டத்தில் அரை மணி நேரம் மோட்டார் சைக்கிளில் போனால், உப்புச் சேறு, நெல் வயல், செம்மண் மேடு, கரிமண் என்று நான்கு உலகங்களைக் கடந்துவிடுகிறோம்.

கடைசியாக, மனிதன் கையால் வந்தவை. துளசி வெப்பமண்டல ஆசியாவின் செடி. மலாய்க்காரர்களுக்கும் அது பழக்கமானதே, ருக்கு என்பார்கள். ஆயினும் லயத்து வாசல் மாடத்தில் நிற்கும் துளசி யாரோ ஒரு தாய் ஊன்றியதாகவே இருக்கும். கற்பூரவல்லியின் கதை வேடிக்கையானது. அதன் தாவரப் பெயரில் இந்தோனேசியாவின் அம்போன் தீவு இருக்கிறது. ஆனால் அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஒரு கிளையைக் கிள்ளி நட்டால் போதும், வேர் விட்டுவிடும். அப்படியே வீட்டுக்கு வீடு, நாட்டுக்கு நாடு கை மாறிக் கை மாறி வந்தது. புதினா குளிர்நாட்டுப் பிள்ளை. நம் வெப்பத்தில் தொட்டியில் தழைக்குமே தவிர, காட்டில் தானாகப் பரவுவது அரிது.

இப்போது பாட்டியின் கேள்விக்குத் திரும்புவோம். தும்பையின் முகவரி வெயில் விழும் பாதை ஓரம் என்றேன். பழம் வெட்டப் போகும் பாதையும், செம்பனை மரத்தைச் சுற்றியுள்ள வட்டமும் அப்படிப்பட்ட இடங்களே. களைக்கொல்லி மருந்து முறை வைத்து அடிக்கப்படுவதும் அதே இடங்களில்தான். ஆபத்து இந்த ஒற்றுமையில் இருக்கிறது.

பாராகுவாட் என்ற கடும் நஞ்சை உங்களில் பலர் முதுகில் சுமந்து அடித்திருப்பீர்கள். மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வேறு களைக்கொல்லிகள் இன்றும் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றில் கிளைஃபோசேட் இலை வழியாக உள்ளே புகுந்து வேர் வரை போகும். அதை அடித்த செடி மறுநாளே வாடிவிடாது. மஞ்சளாக மாறச் சில நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். நேற்று மருந்து அடித்த தும்பை இன்றும் பச்சைப் பசேல் என்றுதான் நிற்கும்! பாட்டி இலையை மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்து போயிருப்பார். தண்ணீரில் கழுவினாலும், உள்ளே போய்விட்ட மருந்து வெளியே வராது. ஆகவேதான் அவர் செடியைக் கேட்கவில்லை, இடத்தைக் கேட்டார்.

தாய்மார்களே, மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். ஒன்று, செம்பனைப் பாதையிலும் மரத்து வட்டத்திலும் பெருஞ்சாலை ஓரத்திலும் சாக்கடைக் கால்வாய் ஓரத்திலும் நிற்கும் செடியை மருந்துக்கோ சமையலுக்கோ பறிக்கவேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். இரண்டு, தேவைப்படும் செடியை வீட்டுக்கே அழைத்து வாருங்கள். தும்பைக்குக் காய்ந்த கதிரை உதிர்த்து, வெயில்படும் தொட்டியில் தூவினால் போதும். பூனை மீசைக்கும் கற்பூரவல்லிக்கும் கிளை போதும். பூனை மீசையை அரை நிழலில் வையுங்கள். காட்டில் அதன் முகவரி எதுவோ, அதையே தொட்டியிலும் கொடுங்கள், பிழைத்துக்கொள்ளும். மூன்று, கைமருந்து சிறு உபாதைக்கு மட்டுமே. குழந்தைக்கு மூச்சு இரைத்தாலோ, காய்ச்சல் விடாமல் இருந்தாலோ கிளினிக்குக்குப் போகத் தாமதிக்காதீர்கள். பூனை மீசை சிறுநீரைப் பெருக்கும். இரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைக் குடிக்கக்கூடாது.

1987-இல் அமைக்கப்பட்ட கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். அலையாத்திக் காட்டின் விளிம்பில் என்னென்ன செடிகள் நிற்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். அங்கே எதையும் பறிக்கவேண்டாம், பார்த்தால் போதும்.

நேயர்களே, நம் மாவட்டத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்கள் அநேகர். பாத்திரம் பண்டங்களோடு சாமி படத்தையும் மறவாமல் எடுத்துச் சென்றார்கள். பின்வாசல் தும்பையை எடுத்துச் சென்றவர் எத்தனை பேர்? செடி மறைந்தால் இன்னொரு செடி கிடைக்கும். அது எங்கே வளரும், எங்கே பறிக்கலாம், எங்கே பறிக்கக்கூடாது என்ற அறிவு மறைந்தால் திரும்பக் கிடைப்பது கடினம். அந்த அறிவு இன்று நம் பாட்டிமார்களிடம் இருக்கிறது. இன்று மாலையே பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு துளசித் தண்டை அவன் விரலில் கொடுத்து உருட்டச் சொல்லுங்கள். நான்கு பட்டை அவன் விரலில் தட்டட்டும். பிறகு அவனிடம் கேளுங்கள்: "இது எங்க நின்னுச்சு?"