‘ஆர்கானிக் ஆம்பர் ஏல்’ பீர்: நாக்கு சொல்வது என்ன, லேபிள் சொல்வது என்ன?

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை ஒட்டி இருக்கிறது சாந்திபுரம். ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் தமிழ்நாடு. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றையும் ஒரே டீக்கடையில் கேட்கலாம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை என்றாலும் படிப்பு என்றாலும் பெங்களூருதான் கிட்ட. அங்கே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு மைக்ரோபிரூவரியில் உட்கார்ந்தால், மெனு கார்டில் ‘ஆம்பர் ஏல்’ என்று ஒரு பெயர் கண்ணில் படலாம். முன்னால் ‘ஆர்கானிக்’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தால் விலை ஒரு படி ஏறியிருக்கும்.

அந்தக் கூடுதல் காசு எதற்கு? ருசிக்கா, உடம்புக்கா, இல்லை வயலுக்கா?

முதலில், ஆம்பர் ஏல் என்றால் என்ன?

வீட்டில் ராகி மால்ட் செய்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைப்போம் இல்லையா? அதையே பார்லியில் செய்தால் பீருக்கான மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும். ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, கசப்பையும் வாசனையையும் கொடுக்கும்.

ஆம்பர் ஏலின் செம்பு நிறத்துக்குக் காரணம் கேரமல் மால்ட். முளைவிட்ட பார்லியை ஈரத்தோடேயே சூடாக்கினால் உள்ளே இருக்கும் மாவு சர்க்கரையாகி, பிறகு வறுபடும்போது பாகாக இறுகும். கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது அடுப்படியில் ஒரு வாசனை வருமே, கிட்டத்தட்ட அதுதான்.

நம்மூரில் பரவலாகக் கிடைக்கும் கிங்ஃபிஷர் போன்றவை லாகர் வகை. குளிர்ந்த வெப்பநிலையில் மெதுவாகப் புளிப்பவை. ஏல் ஈஸ்ட் அதைவிடச் சூட்டில், வேகமாக வேலை செய்யும். பழ வாசனையையும் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகும். லாகருக்குப் பழகிய நாக்கு முதல் வாயிலேயே “என்னய்யா இது, இனிக்குது” என்று சொல்வது இதனால்தான். பெங்களூரு இந்திராநகரில் 2010-ல் தொடங்கிய டாய்ட்டின் ‘டாய்ட் ரெட்’ ஐரிஷ் ரெட் ஏல் வகை. ஆம்பர் ஏலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி.

நடுவர்கள் எப்படி மதிப்பெண் போடுகிறார்கள்?

அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம், சுருக்கமாக பிஜேசிபி, பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்துகிறது. அதன் மதிப்பெண் தாள் 50-க்கு. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் நிற்கும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க நாம் படும் பாட்டுக்குத் தாளில் வெறும் 3 மதிப்பெண்தான் என்பதைக் கவனியுங்கள்!

இன்னொன்று, “எனக்குப் பிடித்திருக்கிறதா” என்று மட்டும் நடுவர் பார்ப்பதில்லை. அந்த வகைக்கு எழுதி வைத்திருக்கும் இலக்கணத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பார். அமெரிக்கன் ஆம்பர் ஏலுக்கு பிஜேசிபி சொல்லும் இலக்கணம்: ஆல்கஹால் 4.5 முதல் 6.2 சதவீதம், கசப்பு 25 முதல் 40 ஐபியூ. மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் ஒன்றை ஒன்று அமுக்கக் கூடாது.

நீங்களே பார்க்கலாம். ஜில்லென்று வந்த கிளாஸை உடனே எடுக்காதீர்கள். ஆறிக் குளிர்ந்த பாயசத்தில் இனிப்பு குறைந்த மாதிரி தெரியும் இல்லையா, அதேபோல் பனிக்கட்டிக் குளிரில் பீரின் நல்லதும் கெட்டதும் ஒளிந்துகொள்ளும். 8 முதல் 12 டிகிரிக்கு வரட்டும். கிளாஸை லேசாகச் சுழற்றி, நுரை இருக்கும்போதே முகர்ந்து பாருங்கள். சுட்ட பிரெட், பாகு, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் என்று வந்தால் சரியான பாதை. பிறகு ஒரு சின்ன வாய். விழுங்கிய பிறகு தங்கும் கசப்புக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் பீர் நடுவர்கள் ஒயின் நடுவர்களைப் போலத் துப்புவதில்லை.

குறைகளைப் பிடிப்பதுதான் உண்மையான சுவாரஸ்யம். தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை வந்தால் அது டைஅசிட்டைல். ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டுக் குளிர்வித்திருக்கலாம், குழாய் சுத்தமில்லாமலும் இருக்கலாம். பச்சை ஆப்பிள் வாசனை, அசிட்டால்டிஹைடு. பீர் இன்னும் முதிரவில்லை. வேகவைத்த மக்காச்சோள வாசனைக்கு டிஎம்எஸ் என்று பெயர். கொதிக்கவைத்தது போதாமல் போனாலும் வரும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. வெயிலில் நின்ற பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில் பீர்களில் ஒரு நாற்றம் வரும். ஹாப்ஸில் உள்ள பொருள் வெளிச்சத்தில் சிதைவதன் விளைவு அது. பழுப்பு பாட்டில் வெறும் அழகுக்காக வந்ததல்ல.

ஆம்பர் ஏலில் ஒரு சிக்கல் உண்டு. கேரமல் இனிப்பு சின்னக் குறைகளை மூடிவிடும். அதனால் முதல் வாயில் ‘சூப்பர்’ என்று தோன்றியது, பாதி கிளாஸில் திகட்டினால் உங்கள் நாக்கை நம்புங்கள்.

சரி, ‘ஆர்கானிக்’ எங்கே ருசிக்கிறது?

எங்கேயும் ருசிக்காது. மேலே சொன்ன 50 மதிப்பெண்ணில் ஆர்கானிக்குக்கு ஒன்றுகூட கிடையாது. அது வயலைப் பற்றிய தகவல். ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இல்லாமல் விளைந்ததா என்பதைச் சான்றிதழ்தான் சொல்ல முடியும்.

இந்தியாவில் இதற்கு என்பிஓபி என்ற தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம் 2001-லிருந்து இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2017-ல் ஆர்கானிக் உணவுகளுக்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது. ‘ஜைவிக் பாரத்’ லோகோ அதற்காக வந்ததுதான். என்பிஓபி கணக்கில், தண்ணீரும் உப்பும் போக, சேர்க்கைப் பொருள்களில் 95 சதவீதமாவது ஆர்கானிக்காக இருக்க வேண்டும்.

இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 20 லிட்டர் ஆம்பர் ஏலுக்குச் சுமார் 5 கிலோ மால்ட் போனால், ஹாப்ஸ் 50 கிராம் அளவில்தான் போகும். எடையில் 1 சதவீதம். ருசியில், வாசனையில் அதன் பங்கோ ரொம்பப் பெரியது. ஹாப்ஸ் கொடியைப் பூஞ்சையும் அசுவினியும் சுலபமாகப் பிடிக்கும் என்பதால் மருந்தில்லாமல் வளர்ப்பது கஷ்டம். அமெரிக்காவிலேயே 2012 வரை சாதாரண ஹாப்ஸ் போட்ட பீரையும் ‘ஆர்கானிக்’ என்று விற்க அனுமதி இருந்தது. விவசாயிகளும் பிரூவரிகளும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, 2013 ஜனவரி 1 முதல்தான் ஹாப்ஸும் ஆர்கானிக்காக இருக்க வேண்டும் என்று ஆனது.

உடம்புக்கு நல்லதா?

2016-ல் ஜெர்மனியின் மியூனிக் சுற்றுச்சூழல் நிறுவனம், பிரபலமான 14 ஜெர்மன் பீர்களில் கிளைஃபோசேட் களைக்கொல்லியின் தடயம் இருப்பதாகச் சொல்லிப் பரபரப்பைக் கிளப்பியது. அந்த அளவு உடலைப் பாதிக்க வேண்டுமென்றால் ஒருவர் நாளைக்குச் சுமார் 1,000 லிட்டர் பீர் குடிக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் பதில் சொன்னது.

ஆல்கஹாலுக்கு அவ்வளவு லிட்டர் தேவையில்லை. 5 சதவீத பீர் 500 மில்லியில் சுமார் 20 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். ஆல்கஹாலைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. பார்லி எந்த வயலில் விளைந்தாலும் இந்த 20 கிராம் மாறாது. ஆக, ‘ஆர்கானிக், அதனால் இன்னொன்று’ என்று யாராவது சொன்னால், அது தவறான கணக்கு.

எல்லைக்காரர்களுக்கு இரண்டு விஷயம். ஆந்திர வரி கட்டாத மதுவை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் வழக்கு வரும். மைக்ரோபிரூவரி பீர் பயணத்தில் கெட்டும் போகும். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஊருக்குத் திரும்ப குப்பத்துக்கு ரயில் இருக்கிறது.

டேப்பில் வரும் பீருக்கு லேபிள் கிடையாது. அதனால் ஆர்டர் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சான்றிதழ் மால்ட்டுக்கு மட்டுமா, ஹாப்ஸுக்கும் சேர்த்தா? சான்று கொடுத்தது யார்? இந்த பேட்ச் எப்போது தயாரானது? பதில் தெளிவாக வரவில்லையென்றால், பக்கத்து டேப்பில் இருக்கும் சாதா ஏலை டேஸ்டர் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றித் தரச் சொல்லி, இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள்.